கிளுவை தளிர்க்காத தடம்

பெரியப்பா ஊன்றினால் துடைப்பக்குச்சியும் தளிர்க்கும் என்று எங்கள் ஊரில் கேலி பேசுவார்கள். கேலி பேசியவர்களே காரியம் ஆகவேண்டுமென்றால் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். முருங்கைப் போத்தோ மல்லிகைப் பதியனோ, அவர் கை பட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று ஆண்டிமடம் பக்கத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்கும் பங்கு உண்டு என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது அவருக்கும் அப்பாவுக்கும் சண்டை வந்தது. போர் மோட்டாரை முதலில் யார் போடுவது என்று தொடங்கி, பாகப்பிரிவினையில் போய் நின்றது. முந்திரிக்கொல்லையைப் பிரித்தார்கள். அடுத்தடுத்து இருந்த எங்கள் இரண்டு வீடுகளுக்கும் பின்னால் பொதுவாகக் கிடந்த தோட்டத்தையும் பிரித்தார்கள். நடுவில் கிளுவை வேலி வைக்கவேண்டும், அண்ணனும் தம்பியும் ஆளுக்குப் பாதி நடவேண்டும் என்று பங்காளிகள் பேசி முடித்தார்கள். வேலி அடைத்துவிட்டால் தோட்டத்து வழியாகப் போக்குவரத்து கிடையாது. பெரியம்மா வைத்த குழம்பு எங்களுக்கு வராது. பெரியப்பா மகளான அக்காவின் மடியில் படுத்து டிவி பார்க்க முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் என் கவலையெல்லாம், நடவில் பெரியப்பா அப்பாவிடம் தோற்றுவிடக் கூடாதே என்பதுதான்.

மழைக்கு முன்பாக முள் நிறைந்த கிளுவைக் கிளைகளை வெட்டிக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்டார்கள். கிளுவைக்கு விதை வேண்டாம், வேர் வேண்டாம். கிளையை நறுக்கி ஊன்றி, சுற்றிலும் மிதித்துவிட்டால் போதும். அடி கீழே இருக்கவேண்டும், நுனி மேலே இருக்கவேண்டும், அவ்வளவுதான் சட்டம். அப்பா தெருப்பக்கமிருந்து நட்டுக்கொண்டு வந்தார், பெரியப்பா எதிர்முனையிலிருந்து. இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பதால் பேச்செல்லாம் என் வழியாக நடந்தது.

“நெருக்கி நடச் சொல்லு உங்கப்பன. ஆடு பூந்துரும்” என்றார் பெரியப்பா, அப்பாவுக்குக் கேட்கும்படி.

“எனக்குத் தெரியும்னு சொல்லு” என்றார் அப்பா. நான் இரண்டையும் உரக்கத் திருப்பிச் சொன்னேன். பெரிய பதவி கிடைத்த மாதிரி இருந்தது.

இரண்டு சமையற்கட்டு வாசல்களுக்கும் நடுவே, அம்மாவும் பெரியம்மாவும் நடந்து நடந்து தேய்ந்த தடம் ஒன்று உண்டு. அது பெரியப்பாவின் பாதியில் வந்தது. அங்கே வந்ததும் அவர் கை நிதானப்பட்டது. குச்சிகளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து ஊன்றினார். மற்ற இடங்களில் வானத்தைப் பார்த்த முள் அங்கே மட்டும் தரையைப் பார்த்தது. கைதேர்ந்தவர்களுக்குத்தான் தெரியும் போலிருக்கிறது இந்த முறை என்று வாய் பிளந்து நின்றேன்.

மழை பெய்தது. வேலி முழுக்கத் தளிர்த்தது, தடத்தில் நின்ற குச்சிகளைத் தவிர. எனக்கு மானமே போய்விட்டது. பள்ளி வேனிலிருந்து இறங்கியதும் புத்தகப் பையைப் போட்டுவிட்டு, குடத்தில் தண்ணீர் மொண்டு அந்தக் குச்சிகளுக்கு மட்டும் ஊற்றுவேன். அம்மா பார்ப்பாள், பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். காய்ந்த குச்சிகளை ஒதுக்கிக்கொண்டு பெரியம்மா குழம்புக் கிண்ணத்தோடு வருவாள். “சேல கிழிஞ்சிடும், பாத்து வாங்கக்கா” என்பாள் அம்மா. ஆண்கள் இருவரும்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள். எங்கள் பாடு வழக்கம்போல் சந்தோஷமாகவே போனது.

“ஏன் பெரியப்பா, உங்க கைராசி போயிடுச்சா?” என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

“வயசாவுதுல்ல பாப்பா” என்றார். துக்கத்தை என்னிடம் மறைக்கிறார் என்று நினைத்து, அன்றைக்கு இன்னும் ஒரு குடம் கூடுதலாக ஊற்றினேன்.

அடுத்த மழைக்காலம் நெருங்கியபோது பங்காளி ஒருவர் வந்து பார்த்தார். இந்த இடைவெளியை அடைக்காவிட்டால் நாளைக்கு வம்பு என்றார். “அவரு நட்டு வரலன்னா நான் நட்டுக்குறேன்” என்று அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். அப்பா நட்டதில் ஒன்றும் வீணாகாது. பெரியப்பா மாட்டுக்கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். அம்மா வாசற்படியை விட்டு நகரவில்லை.

நான் எடுத்துக் கொடுத்த முதல் குச்சியை அப்பா ஊன்றப் போனார். பக்கத்தில் காய்ந்து நின்ற பழைய குச்சியின் முள்ளைப் பார்த்தார். குனிந்தவர் குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கையிலிருந்ததைத் திருப்பிப் பிடித்து ஊன்றினார். எல்லாவற்றையும் அப்படியே ஊன்றினார்.

அந்த வருடமும் மழைக்குக் குறைவில்லை. தடத்தில் ஒரு குச்சிகூடத் தளிர்க்கவில்லை. அப்பாவைத் தேற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

“அந்த எடத்துல மண்ணு சரியில்லப்பா. யாரு நட்டாலும் வராது.”

“ஆமாம்மா, மண்ணு அப்படி” என்று அப்பா சிரித்தார். அடக்கமாட்டாமல் மறுபடி சிரித்தார். வேலிக்கு அந்தப்பக்கமிருந்து பெரியப்பா சிரிப்பதும் கேட்டது. இரண்டு பேரும் தோற்றுவிட்டுச் சிரிக்கிறார்களே என்று எனக்கு அழுகை வந்தது.