ஒரு சுற்று அதிகம்

இரண்டு மரக்குச்சிகள். ஒன்றை உள்ளங்கையில் கிடத்தி மற்றதால் தட்டுவார். ஒரு சுற்றில் மூன்று தட்டு, அடுத்ததில் இரண்டு. பாட்டு முடியும்வரை இந்த வரிசை புரளக்கூடாது. அவர் வாசிக்கும் லத்தீன் ஜாஸ் இசையில் அதுதான் சட்டம். கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் எங்கள் சிப் கம்பெனியில் எனக்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வார இறுதிகளில் ஒரு பேண்டை நடத்தினார். நுரையீரல் கெட்ட பிறகுதான், தான் இயற்றியவற்றை ஆல்பமாக்கும் அவசரம் வந்தது. ஒவ்வொரு பாட்டிலும் வெளியிலிருந்து ஒருவர் விருந்தினராக வாசிப்பதாக ஏற்பாடு. இறந்துபோன மனைவிக்காக எழுதிய பாட்டில் கஞ்சிரா வாசிக்க என்னைக் கூப்பிட்டார். நவராத்திரிக் கச்சேரிகளோடு நின்றிருந்த எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஸ்டூடியோவில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு பியானோ முன் உட்கார்ந்திருந்தார். எத்தனை சுற்று வேண்டுமானாலும் வாசி, இரட்டைப்படையில் முடி என்று மட்டும் சொன்னார். தலையாட்டினேன். ஆனால் வாசிக்க ஆரம்பித்ததும் பழக்கம் வென்றுவிட்டது. ஒரே கோர்வையை மும்முறை வாசித்து முடிக்கும் தீர்மானம் வைத்து, தாளம் தொடங்கும் சமத்தில் சுத்தமாக இறங்கினேன். நம் சபையாக இருந்தால் கைதட்டியிருப்பார்கள். இங்கே ஒரு சுற்று அதிகம். மூன்று தட்டு விழவேண்டிய இடத்தில் இரண்டு விழுந்தது. பேண்ட் தடுமாறி, பாட்டு பாதியில் நின்றது.

இன்னொரு டேக் போகலாம் என்றார். நான் வாதாடினேன். கணக்கு சரிதான் என்று விரல்விட்டு எண்ணியே காட்டினேன். எனக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவருக்கு மூச்சு வாங்கியது. அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

வீட்டில் என் மனைவி கேட்டாள்: "அவருதான் இன்னொரு டேக் கேட்டாருல்ல? வாசிச்சுட்டு வந்தா என்ன, குறைஞ்சா போயிடும்?"

"கரெக்டா வாசிச்சதை எதுக்கு மறுபடி வாசிக்கணும்?" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் ஐசியூவில் இருந்தார். வீடு திரும்பவில்லை. பிறகு மகன் ஆல்பத்தை வெளியிட்டான். அவர் மனைவிக்கான பாட்டு மட்டும் அதில் இல்லை. அப்பா இல்லாமல் அதை யார் வாசிப்பது என்றான். விருந்தினர் பட்டியலில் என் பெயரை எடுக்க வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டுப் போனாராம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மனைவிக்குச் சொல்லவென்று வைத்திருந்ததை என் வீம்பு தின்றுவிட்டது.

இந்தியக் கடையில் பார்க்கிற நம்மவர்கள் ஃபோனில் ஆல்பத்தின் அட்டையைக் காட்டுகிறார்கள். "பேரெல்லாம் போட்டிருக்காங்க, செம! ட்ரீட் எப்போ?"

சிரித்துவைக்கிறேன். நான் வாசித்தது எந்தப் பாட்டு என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.