சௌக்கத் பாயின் கரண்டு வண்டி

ஒரு பொருளை வாங்க எங்கள் சௌக்கத் அலி பாய் அளவுக்கு யோசித்த மனிதனை நான் பார்த்ததில்லை. செருப்புக்கே ஒரு வாரம் கடை கடையாக ஏறி இறங்குவார். கரண்டு கார் வாங்க இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டார். ராயபுரம் கார் ஸ்டாண்டில் அவர் வண்டிக்கு அடுத்தது என் வண்டி என்பதால், அந்த இரண்டு வருஷமும் புண்ணானது என் காதுதான்.

"செங்குட்டா, டீசல் விக்கிற வெலய பாத்தியா? கரண்டு வண்டின்னா கால்வாசி கூட ஆவாது" என்பார் காலையில். மத்தியானம் அவரே, "பேட்டரி பூட்ச்சின்னா இன்னா பண்றது நைனா?" என்று வந்து நிற்பார். மழைக்காலத்தில் எங்கள் தெருக்களில் முட்டளவு தண்ணீர் நிற்குமே, வண்டி தாங்குமா? அவர் குடியிருக்கும் சந்தில் ஒயர் இழுக்க வழியில்லை, எங்கே போய் சார்ஜ் போடுவது? இப்படியே நாளுக்கொரு கவலை. "வாங்கினா வாங்கு, இல்லாட்டி வுட்டுத்தொல பாய், பேஜாரா கீது" என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

கத்தினேனே தவிர, அவர் யாருக்காகத் தவிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவர் மனைவி ஜெரினா அக்காவுக்கு மூச்சிரைப்பு. தண்டையார்பேட்டையில் அவர்கள் வீடு, துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகளின் சாலையை ஒட்டியது. விடிந்தால் புகை, துடைத்தால் கரி. வாயில் வைத்து இழுக்கும் பஃப் மருந்து அக்காவின் கையை விட்டு இறங்காது. பாயின் டீசல் வண்டி நின்றதோ சமையல்கட்டு ஜன்னலுக்கு நேர் கீழே. அங்கே ஸ்டார்ட் பண்ணினால் புகை நேராக வீட்டுக்குள் போகும். அதனால் தினமும் காலையில் பாய் வண்டியைக் கையாலேயே சந்து முனைவரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அங்கேதான் ஸ்டார்ட் பண்ணுவார். ஐம்பது தாண்டிய ஆள். பனியன் நனைந்துதான் ஸ்டாண்டுக்கு வருவார். டிரைவர் பெண்டாட்டியாக இருந்தும், டீசல் வாடை ஆகாமல் அக்கா அந்த வண்டியில் ஏறியதே அபூர்வம்.

லோன் போட்டிருந்தால் எப்போதோ வாங்கியிருக்கலாம். வட்டி ஹராம், அந்தப் பேச்சே வேண்டாம் என்று விட்டார். பழைய வண்டியை விற்றாலும் காசு போதாது. கடைசியில் அக்காதான் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தது.

"இத போட்டுகினு நான் எங்க போப்போறேன்? உங்க வண்டில எங்கனா இட்டுகினு போங்க, அது போதும்" என்றதாம்.

ஷோரூமுக்கு அக்காவையும் அழைத்துப் போனார், துணைக்கு நானும் போனேன். ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகும், "இன்னாங்க, இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலியா?" என்று கேட்டது அக்கா. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். விற்கிற பையன் எல்லாவற்றையும் விளக்கினான். ஏசியில் ஃபில்டர் இருக்கிறது, கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளிப்புகை அவ்வளவாக உள்ளே வராது என்றான். ஏசி போட்டால் சார்ஜ் சற்றுச் சீக்கிரம் இறங்கும் என்றும் சொன்னான். பாயின் மனதில் இரண்டாவதுதான் ஆழமாகப் பதிந்தது போலிருக்கிறது.

வாங்கின பிறகு சில மாதங்கள் அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன். டோல்கேட் தாண்டி ஓரிடத்தில் சார்ஜ் போட்டுக்கொள்வார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அக்காவை ஏற்றிக்கொண்டு கடற்கரை ரோட்டில் ஒரு சுற்று. அக்கா முன்சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கும். பஃப் மருந்து பைக்குள் கிடக்கும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் எண்ணூரில் இருக்கும் மகள் உமைமா வீட்டுக்குப் போனார்கள். அன்று அங்கே அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்று. அக்காவுக்கு இரைப்பு ஆரம்பித்து, மருந்து இழுத்தும் அடங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று பாய் கிளப்பிக்கொண்டு வந்தார். திருவொற்றியூர் தாண்டியதும் டிரெய்லர் வரிசையில் மாட்டிக்கொண்டார்கள். முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் கன்டெய்னர். எறும்பு நுழைய இடமில்லை.

முந்தின நாள் சார்ஜ் போடும் இடத்தில் கூட்டம் என்று முழுசாகப் போடாமல் வந்திருந்தார். பாதிக்குக் கீழே இறங்கினாலே சார்ஜ் போட ஓடுகிற ஆள். இந்த லாரிகளுக்கு நடுவில் வண்டி செத்துப்போனால் இவளை எப்படி வெளியே கொண்டுபோவேன் என்று பயந்திருக்கிறார். டிராஃபிக்கில் மாட்டினால் டீசல் டிரைவர் என்ன செய்வான்? ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்குவான். நானும் அதைத்தான் செய்வேன், இந்த ஸ்டாண்டில் எல்லோரும் அதைத்தான் செய்வோம். பாயும் செய்தார்.

"கண்ணாடிய ஏத்துங்களேன்" என்றதாம் அக்கா.

"சார்ஜ் வோணும்மா. கொஞ்சம் பொறுத்துக்க, தோ வழி வுட்டுருவான்."

அக்கா சரியென்று தலையாட்டி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டது. வழி விட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் லாரிக்காரன்கள் இன்ஜினை ஓடவிட்டபடியே நின்றிருந்தார்கள்.

தகவல் கேட்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்காவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பாய் வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சார்ஜ் முப்பத்தொரு சதவீதம் என்று காட்டியது.

"இவ்ளோ மீதி கீது, செங்குட்டா" என்றார்.

அந்த வண்டி நின்றால் சும்மா நிற்கும், டீசல் மாதிரி நின்ற இடத்தில் குடிக்காது. ஏசி எவ்வளவு ஓடினாலும் ஒரு மணி நேரத்தில் இறங்குவது கொஞ்சம்தான். இது அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. ஷோரூம் பையனைக் கேட்டு நான் பிறகு தெரிந்துகொண்டேன். பாயிடம் சொல்லவில்லை. அவராகவே தெரிந்துகொண்டிருப்பார்.

மூன்றாம் நாள் ஜெரினா அக்கா போய்விட்டது. நுரையீரல் முன்பே கெட்டிருந்தது, எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பாய் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. நான் அழுதேன். அவர் அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வண்டியை விற்றுவிடுவார் என்று நினைத்தோம். விற்கவில்லை, இன்றும் ஓட்டுகிறார். போன மாதம் பெரம்பூரில் ஒரு வேலை இருந்ததால் அவர் வண்டியிலேயே போனேன். வழியில் டிராஃபிக்கில் நின்றோம். ஏசி முழு வேகத்தில் ஓடியது, எனக்குப் பல் கிட்டியது. திரையில் சார்ஜ் சிவப்புக்கு வந்திருந்தது.

"சார்ஜ் பூடப்போவுது பாய்" என்று ஏசியை நிறுத்தக் கையை நீட்டினேன்.

மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டார்.

"கை வெக்காத. நின்னுட்டா இன்னா நைனா, வண்டியத்தானே தள்ளணும். தள்ளிக்கலாம்."

கையை எடுத்துக்கொண்டேன். நாங்கள் கண்ணாடியை ஏற்றியபடியே உட்கார்ந்திருந்தோம்.