அண்ணனுக்காக நான் பேசிய வங்காளம்

டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த டிஸ்பென்சரியில், டாக்டர் பாபுவுக்கு எதிரே அண்ணனை உட்காரவைத்துவிட்டு நான் அருகில் நின்றேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் வங்காளத்தைக் கடைத்தெருவிலும் குழாயடியிலும் நின்றே பிடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் கூடப் போய் டாக்டரிடம் பேசுகிறவள் நான்தான். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

அண்ணன் துர்கா பூஜை பார்க்க மதுரையிலிருந்து வந்தவர். தமிழ் தவிர வேறு தெரியாது. பந்தலில் கொடுத்த கிச்சடியைச் சாப்பிட்டு வந்தவருக்கு வேர்த்துக் கொட்டியது. "யாரோ நெஞ்சுமேல ஏறி உக்காந்த மாதிரி இருக்கு தாயி" என்றார்.

டாக்டர் பாபு என்னைச் சித்தி முறை வைத்து மாசிமா என்பார். "என்ன ஆச்சு மாசிமா?" என்றார். அந்த ஊரில் நெஞ்சு எரிந்தாலும் தலை சுற்றினாலும் கேஸ், அதாவது வாயு, என்றுதான் சொல்வார்கள். நானும் ஊர்க்காரியாகவே, "கேஸ்தான். ஓசிக் கிச்சடின்னு ரெண்டு தொன்னை இறக்கிட்டாரு" என்றேன்.

"அப்போ உங்க அண்ணனும் பெங்காலி ஆயிட்டாரு" என்று சிரித்து, வயிற்றுக்கு வெள்ளை மருந்து எழுதிக் கொடுத்தார். என்ன பேசினோம் என்று தெரியாமலே அண்ணனும் சிரித்தார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. ஓடி வந்து பார்த்த டாக்டர் பாபு, "ஹார்ட்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார்.

அண்ணன் போனபின் டாக்டர் மாறிப்போனார். ஈசிஜி மெஷின் வாங்கிவைத்தார். யார் கேஸ் என்று வந்தாலும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். "பேரை நான் வெக்கிறேன். எங்க பண்ணுது, எப்படிப் பண்ணுது, அதைச் சொல்லு" என்பார். தொழில் பழக வந்த இளம் டாக்டர்களிடம் என் அண்ணன் கதையைத் தன் தப்பாகவே சொல்வார். நான் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன், பத்து வருஷம்.

என் மகன் நியூ டவுனில் வீடு வாங்கி எங்களை அழைத்துப்போனபோது, டாக்டரிடம் விடைபெறப் போன இடத்தில் சொல்லிவிட்டேன். "அண்ணன் நெஞ்சுல பாரம்னுதான் சொன்னார். கேஸ்ங்கறது என் வார்த்தை."

"இருக்கட்டும் மாசிமா. நீங்க பேசும்போது அவர் கையை முட்டியா மடக்கி நடுநெஞ்சுல அழுத்திட்டிருந்தார். அது எதுக்கு அடையாளம்னு படிச்சவன் நான். பாக்கவும் பாத்தேன். வெளியே கூட்டம். உங்க வார்த்தை எனக்குச் சுலபமா இருந்தது."

அண்ணனை ஒட்டித்தான் நின்றேன். அந்தக் கையை நான் பார்க்கவே இல்லை. அவருக்காகப் பேசிக்கொண்டிருந்தேன்.