பொட்டு வைக்க இடமில்லாத திரை

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் கணவர் தமக்கென்று ஆசைப்பட்ட ஒரே பொருள் ஒரு கணினித் திரை. சேலையூரில் எங்கள் வீட்டு மேஜையை முழுவதுமாக அடைத்துக்கொள்ளும் அகலமான, வளைந்த ஓஎல்இடி மானிட்டர். அதில் லாரி ஓட்டும் விளையாட்டை ஆட வேண்டும். மூன்று மாதம் யோசித்து வாங்கினார். வந்து இறங்கிய அன்றே விலை அவரை உறுத்தத் தொடங்கியது.

"பத்து நாளைக்குள்ள திருப்பி அனுப்பலாமாம். ஓட்டிப் பாத்துட்டு அனுப்பிடுவோம்."

"பொண்ணு பாக்கப் போயி பஜ்ஜி மட்டும் சாப்பிட்டுட்டு வர்ற மாதிரியா?" என்றேன்.

மெய்ப்புத் திருத்துவது என் தொழில் என்பதால், நான் அதை எழுத்துகளை வைத்தே எடைபோட்டேன். ணகரத்தின் சுழிகளில் சிவப்பும் பச்சையுமாக மெல்லிய நூல் ஓடியது. ஒரே பக்கத்தை மணிக்கணக்கில் திறந்து வைத்தால் அதன் தடம் திரையில் தங்கிவிடலாம் என்றும் எச்சரித்திருந்தார்கள். என் வேலைக்கு அது உதவாது.

ஆனால் அவருடைய லாரி ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததை அருகிலிருந்து பார்த்தேன். பழைய திரையில் கறுப்பு என்பது சாம்பல் நிறம். இதில் அது உண்மையான இருட்டு. பனிமலை வெளிச்சத்தில் லாரி வெளியே வந்தபோது அவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் நின்றுகொண்டே பணிக்காலத்தைக் கழித்தவர். ஒரு காரைக்கூட ஓட்டியதில்லை.

"வெச்சுக்கலாங்க," என்றேன்.

"இந்த விலைக்கு வீட்டுக்கே பெயின்ட் அடிச்சிருக்கலாம்," என்று சொல்லி, திருப்பி அனுப்பப் பதிவு செய்துவிட்டார்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. அவர் பொரி வாங்கப் போயிருந்த நேரத்தில் ஃப்ரிட்ஜ், கிரைண்டர், ஸ்கூட்டர் என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தேன். மானிட்டருக்கும் திரையின் ஒரு மூலையில் வைத்தேன். பொரியோடு திரும்பியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, அது ஸ்க்ரீன்!"

"பழசுல சட்டம் இருந்தது, வெச்சேன். இதுல ஓரமே இல்லையே, வேற எங்க வைக்கறது?"

துடைத்ததில் சந்தனம் துணியோடு வந்துவிட்டது. குங்குமம் மட்டும் பளபளப்பில்லாத அந்தப் பரப்பில் இறங்கி, துவரம்பருப்பு அளவில் இளஞ்சிவப்பாகத் தங்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்து, பொருளை எடுத்துப்போக ஒரு நடுத்தர வயதுக்காரர் வந்தார். மூலையைப் பார்த்துக் குனிந்தார்.

"இன்னா சார் இது, குங்குமமா? கறை கீதுன்னா ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க சார். பூஜை போட்டுட்டு யாராவது திருப்பிக் குடுப்பாங்களா? வூட்லயே வெச்சிக்கோங்க."

ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பத்து நிமிடம் வாதாடுகிறவர், "சரிப்பா, கேன்சல் பண்ணிடு," என்று உடனே சொல்லிவிட்டார். அவர் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன், அகப்படவில்லை.

வந்தவர் போனதும் மன்னிப்புக் கேட்கும் குரலில் ஏதோ தொடங்கினேன். அவர் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கதவைச் சாத்திட்டு வா. இன்னிக்கு மலைப்பாதை. டிக்கெட் எடுத்தாச்சா?"

"லாரிக்கு எதுக்குங்க டிக்கெட்?" என்றபடி என் மடிக்கணினியோடு பக்கத்தில் அமர்ந்தேன்.