முன்னால் சுக்கிரன், பின்னால் சந்திரன்

பாக்கியத்தின் ராஜ்ஜியம் பன்னிரண்டடிக்குப் பத்தடி. திண்டுக்கல் சாலையில் பரவையை ஒட்டி நிற்கும் பெட்ரோல் பங்கின் மூலையில், கழிப்பறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடைப்பட்ட பிரதேசம் அது. படைபலம் என்று பார்த்தால் ஒரு கம்ப்ரசர், நீல நிற ஹோஸ், எண் காட்டுகிற ஒரு மிஷின், கைப்பிடி போன பிளாஸ்டிக் நாற்காலி. டயருக்குக் காற்றுப் பிடிக்க நாளொன்றுக்கு இருநூறு பேர் வருவார்கள். ஒருவரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தங்குவதில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குள் காற்றைப் பற்றி அவளுக்குப் பாடம் நடத்தாமல் போனவரும் இல்லை.

நம் ஜனங்களுக்கு இட்லிக்கு அடுத்தபடியாகத் தீர்மானமான அபிப்பிராயம் இருப்பது டயர் காற்றில்தான். ஒருவர் ‘ஃபுல்லா வையிம்மா’ என்பார், ஏதோ பந்தியில் உட்கார்ந்த மாதிரி. இன்னொருவர், மச்சான் சொன்னார் என்று நாற்பதோடு வருவார். மச்சானிடம் கார் கிடையாது. வேறொருவர் செருப்புக் காலால் டயரை ஓர் உதை விட்டு, நாடி பார்க்கிற வைத்தியர் போலக் கண்ணை மூடி, ‘ரெண்டு பாயின்ட் கம்மி’ என்று அறிவிப்பார். அவர் உதைத்தது அவர் காரின் டயராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

எல்லாவற்றையும் பாக்கியம் பணிவாகக் கேட்டுக்கொள்வாள். பிறகு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருக்கும் காகிதத்தைக் குனிந்து படித்து, அதில் போட்டிருப்பதைத்தான் வைப்பாள். “ஆண்டவர் பத்துக் கட்டளையைக் கல்லுல எழுதிக் குடுத்தாரு. கம்பெனிக்காரன் கதவுல எழுதிக் குடுத்திருக்கான். ரெண்டையும் ஒருத்தரும் படிக்கிறதில்ல” என்பது அவளுடைய வேத வியாக்கியானம்.

இந்தப் பிடிவாதத்துக்குச் சரித்திரக் காரணம் உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்பு அவள் ஒரு பள்ளிக்கூட வேனில் ஆயாவாக இருந்தாள். ஒரு சித்திரை மத்தியானம், பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு வெறும் வேனாகத் திரும்பும்போது பின் டயர் வெடித்தது. வேன் நாலு வழிச் சாலையில் ஒரு சுற்று ஆடி, தடுப்புச் சுவருக்கு நாலு விரற்கடை முன்னால் நின்றது. உயிர்ச்சேதம் இல்லை, டிரைவரின் தூக்குவாளி ரசம் மட்டும் மிச்சமில்லாமல் அவள் தலையில். ரசம் சொட்டச் சொட்ட அவள் மெக்கானிக்கிடம் கேட்டாள்: காற்று கூடினால் வெடிக்கும், சரி, இந்த டயரில் காற்று குறைவுதானே? குறைந்தாலும் வெடிக்கும் என்றார் அவர். காற்று கம்மியான டயர் உருளும்போது பக்கவாட்டில் மடிந்து மடிந்து நிமிரும். அதில் சூடு ஏறும். பாரமும் வேகமும் வெயிலும் சேர்ந்தால் கிழிந்துவிடும். ரசாபிஷேகத்தோடு கிடைத்த அந்த ஞானத்தைப் பாக்கியம் அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் சொல்லிவருகிறாள். ஊர் இன்னும் நம்பவில்லை.

நம்பாத ஊர் சும்மாவும் இருக்கவில்லை. அவள்மேல் இரண்டு புகார் எழுதிவிட்டது. ஒன்று, கேட்ட ஐம்பதை வைக்க மறுத்தாள் என்று. மற்றது, அனுமதியின்றிக் கார்க் கதவைத் திறந்து படிக்கிறாள் என்று. பங்கின் சூப்பர்வைசர் தமிழ்மாறன், முப்பது வயதுப் பையன், கூப்பிட்டுச் சொல்லிவிட்டான்: “மூணாவது கம்ப்ளைன்ட் வந்துச்சுன்னா மொதலாளி உங்கள டீசல் பம்புக்கு மாத்திருவாருக்கா. நான் ஒண்ணும் பண்ண முடியாது.” டீசல் வாடை பட்டால் பாக்கியத்துக்கு மண்டை இடிக்கும். ஆகையால் இனிமேல் வாயைக் கட்டிக்கொள்வது என்று முடிவெடுத்தாள். அந்த முடிவு இரண்டு நாள் உயிரோடு இருந்தது.

மூன்றாம் நாள் காலை பதினொன்றரைக்கு அழகுபாண்டி வந்தார்.

அழகுபாண்டி கொட்டாம்பட்டியில் கடலை வியாபாரி. மகள் சுபலட்சுமியைப் பரவையில் கட்டிக்கொடுத்திருந்தார். முந்தின நாள் வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்கு அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிற பயணம். புதுக் காரில் அவர், மனைவி சின்னத்தாய், ஏழு மாத வயிறும் முழங்கை வரை வளையலுமாகச் சுபலட்சுமி, அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு அத்தைகள். அத்தைகளே தனி லோடு. டிக்கியில் முறுக்கு டின், அதிரச டின், ஒரு வெண்கலப் பானை. வெளியே தார் இளகுகிற வெயில். போக வேண்டியது அறுபது கிலோமீட்டர்.

“தங்கச்சி, நாலு டயருக்கும் இருபத்தேழு வையி.”

பாக்கியம் டயரைப் பார்த்தாள். பிசைந்து வைத்த மாவு மாதிரி தரையோடு உட்கார்ந்திருந்தது. மிஷினை மாட்டினாள், இருபத்தாறு என்றது. கதவைத் திறந்தாள். முழு பாரத்துக்கு முன்னால் முப்பத்தைந்து, பின்னால் முப்பத்தெட்டு என்றது காகிதம்.

“அண்ணே, முன்னாடிக்கு முப்பத்தஞ்சு வைக்கணும்ணே.”

அழகுபாண்டி காதைப் பொத்தாத குறை. “வாயால சொல்லாத தாயி! மூணும் அஞ்சும் எம்புட்டு?”

“எட்டு.”

“எட்டு யாரு?”

“எட்டு... எட்டுதான்ணே.”

“சனீஸ்வரன்! பிள்ளத்தாச்சிப் பிள்ளய ஏத்திக்கிட்டுப் போற வண்டிக்கு முன்னாடி ரெண்டு சனிய உக்கார வைக்கச் சொல்றியா?”

அழகுபாண்டி ஒன்பதாம் எண்காரர். கார் நம்பர், போன் நம்பர், கடைக் கதவிலக்கம் எல்லாம் கூட்டினால் ஒன்பது. இட்லி சாப்பிடும்போதுகூட ஏழில் நிறுத்துவார். இல்லையென்றால் ஒன்பதுக்குப் போய்விடுவார். எட்டில் எழுந்ததாக வரலாறு இல்லை. காரின் காகிதத்தைப் படித்த அன்றே பதறிப்போய், ஊரில் ஒரு கடையில் காற்றை இறக்கி இருபத்தேழு ஆக்கிவிட்டார். ஒரு மாதமாக அப்படித்தான் ஓடுகிறது.

“உள்ள மஞ்ச லைட்டு எரியணுமேண்ணே? காத்து கம்மின்னா அதுவே சொல்லுமே?”

“எரியலயே.”

பாக்கியம் எட்டிப் பார்த்தாள். விளக்கு எரிய வேண்டிய இடத்தில், காலணா அகலத்துக்கு மெரூன் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

“அது நான் ஒட்டுனது தங்கச்சி” என்றாள் சின்னத்தாய் பெருமையோடு. “குடத்துக்குள்ள ஒரு கோடு போட்ட மாதிரி என்னமோ எரிஞ்சுக்கிட்டே கெடந்துச்சு. கண்ணக் குத்துதுன்னாக. பொட்ட எடுத்து ஒட்டிவிட்டேன். லட்சுமிகரமா இருக்குல்ல?”

சக்கரத்துக்குச் சக்கரம் உள்ளே ஒரு சென்சார் வைத்து, அது காற்றை அளந்து, குறைந்தால் ஓட்டுகிறவர் கண்ணில் படும்படி விளக்கைப் போட வைத்தவர்கள் மேல்நாட்டு இன்ஜினியர்கள். மழை, பனி, சேறு, சகாரா பாலைவனம் எல்லாவற்றையும் யோசித்தவர்கள், சின்னத்தாயின் பொட்டை யோசிக்கவில்லை.

பாக்கியம் ரசக் கதையைச் சொன்னாள்.

“கொறச்சலா இருந்தா எப்பிடித்தா வெடிக்கும்?” என்றாள் ஓர் அத்தை.

“அதானே” என்றாள் இன்னோர் அத்தை.

சுபலட்சுமி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, சன்னல் வழியாகப் பாக்கியத்தையே பார்த்தாள். “அப்பா, நான் வேணா பஸ்ல வாரேன்ப்பா.”

“நீ சும்மா இரு பாப்பா.”

அந்தப் பார்வைதான் பாக்கியத்தைக் கெடுத்தது. இருபத்தேழில் இந்தப் பெண்ணை அனுப்புவது சாவான பாவம். ஒரு பாயின்ட், இரண்டு பாயின்ட் கூடக்குறைய வைப்பது அற்பப் பாவம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாமியாரிடம் சொல்லிக் கழுவிக்கொள்ளலாம். கணக்குப் போட்டு இறங்கிவந்தாள்.

“சரிண்ணே, முப்பத்தாறு வைக்கிறேன். மூணும் ஆறும் ஒம்போது. உங்க நம்பருதான?”

“மூணு தேவகுரு. ஆறு அசுரகுரு. ரெண்டு பேத்தையும் ஒரே டயருக்குள்ள அடைச்சா என்னாகும்? அடிச்சுக்கிருவாக.”

“முப்பத்தி நாலு?”

“ஏழு. கேது. மெட்டர்னிட்டி கேசுக்குக் கேதுவா?”

“முப்பத்தேழு?”

“ஒண்ணு. சூரியன்.” அழகுபாண்டி வானத்தைக் காட்டினார். “இவன் ஒருத்தன் பத்தாதா?”

சத்தம் கேட்டுத் தமிழ்மாறன் ஓடிவந்தான். “அக்கா, சார் கேக்குறத வச்சு அனுப்புங்கக்கா.”

“வைக்க மாட்டேன் தம்பி.”

“கம்ப்ளைன்ட் நம்பர் எங்க?” என்று போனை எடுத்தார் அழகுபாண்டி. கம்பத்தில் எழுதியிருந்த எண்ணை உதடசையக் கூட்டினார். முகம் சுருங்கியது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். “எட்டு வருது. இதுல பேச முடியாது. நோட்டக் கொண்டா, எழுதித் தாரேன்.”

தமிழ்மாறன் நோட்டு எடுக்கப் போனான். போகும்போது அவன் பார்த்த பார்வையிலேயே டீசல் வாடை அடித்தது. பாக்கியத்துக்கு மண்டை இடிக்கத் தொடங்கியது. இடிக்கிற மண்டையோடு மறுபடியும் கதவுக் காகிதத்தைப் பார்த்தாள். பதினோரு வருஷமாக அவள் படித்தது ஒரு வரிசையைத்தான். பக்கத்திலேயே, பொடி எழுத்தில், அவள் சீந்தாத இன்னொரு வரிசை இருந்தது. முன்னால்: 2.4.

“அண்ணே” என்றாள் மெதுவாக. “உங்க கடையில கடலையப் படியில அளந்தா ஒரு நம்பரு. அதே கடலையக் கிலோவுல நிறுத்தா வேற நம்பரு. கடல மாறுமா?”

“அதெப்படி மாறும்? நம்பருதான் மாறும்.”

“காத்துக்கும் ரெண்டு கணக்கு இருக்குண்ணே. ஒண்ணு பிஎஸ்ஐ. இன்னொண்ணு பார். பார் கணக்குல உங்க வண்டிக்கு ரெண்டு புள்ளி நாலு. இந்தா, கம்பெனிக்காரனே போட்டிருக்கான்.”

அழகுபாண்டி குனிந்தார். “ரெண்டும் நாலும்...” நிமிர்ந்தபோது அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. “ஆறு! சுக்கிரன்! வாகனத்துக்கே அதிபதி அவருதான் தாயி! இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

மிஷினில் யாரும் இதுவரை தொடாத ஒரு பொத்தான் இருந்தது. பாக்கியம் உள்ளுக்குள் மாதாவைக் கூப்பிட்டு அதை அமுக்கினாள். எண்கள் பார் கணக்குக்கு மாறின. முன் டயர் இரண்டும் 2.4 வரை நிமிர்ந்து நின்றன. வெற்றிக் களிப்போடு பின் டயருக்குப் போனவள், காகிதத்தில் பின் டயரின் பொடி எழுத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். 2.6.

இரண்டும் ஆறும் எட்டு.

விரல் தன்னிச்சையாகப் பொத்தானை மறுபடி அமுக்கியது. “பின்னாடிக்குப் பழைய கணக்குண்ணே. முப்பத்தெட்டு.”

“அதென்ன முன்னாடிக்கு ஒரு கணக்கு, பின்னாடிக்கு ஒரு கணக்கு?”

“மூணும் எட்டும் பதினொண்ணு. பதினொண்ண மடக்குனா ரெண்டு. ரெண்டு யாரு?”

“சந்திரன்.”

“பின் சீட்டுல பிள்ளத்தாச்சி உக்காந்திருக்கு. வெயிலோ இந்த வெயிலு. சந்திரன்தானண்ணே குளிர்ச்சி?”

இரண்டு அத்தைகளும் ஒரே நேரத்தில் “அதானே!” என்றார்கள்.

டிக்கியைக் காலி செய்து ஸ்டெப்னியையும் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னபோது, வெண்கலப் பானையை அழகுபாண்டியே இறக்கிவைத்தார். ஸ்டெப்னி மட்டும் அதிசயப் பிறவி: அறுபது என்றாலும் ஆறு, 4.2 என்றாலும் ஆறு. எந்தக் கணக்கிலும் தோஷமில்லாத அந்த ஒரே டயர், முறுக்கு டின்னுக்கு அடியில் படுத்துக் கிடந்தது.

“இப்ப அந்தப் பொட்ட எடுங்கக்கா” என்றாள் பாக்கியம்.

சின்னத்தாய் மனசில்லாமல் பிய்த்தாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அழகுபாண்டி பங்கைச் சுற்றி ஒரு வட்டம் போனார், அணையவில்லை. சர்வீஸ் ரோட்டில் சற்றுத் தூரம் போய்த் திரும்பியபோது அணைந்திருந்தது. சுக்கிரன் சேர்ந்துவிட்டார் என்றார் அவர்.

“இனி அது எரிஞ்சா மறைக்கக் கூடாது. நிறுத்திக் காத்தப் பாக்கணும். சத்தியம் பண்ணுங்க.”

“சத்தியம்” என்றார் அழகுபாண்டி. நோட்டோடு வந்த தமிழ்மாறனிடம் அதை வாங்கி ஒன்பது வரி எழுதினார். இந்தப் பங்கில் காற்றுப் பிடிக்கும் சகோதரி நவக்கிரகத்தையும் கரைத்துக் குடித்தவர் என்று அதில் இருந்தது. தமிழ்மாறன் அதைச் சத்தமாகப் படிக்க, கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பாக்கியம் சேலைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டாள். கிளம்புமுன் சுபலட்சுமி அவளுடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

கார் போன பிறகு பாக்கியம் தூக்குச்சட்டியைத் திறக்கவே இல்லை. எண்ணைத்தான் சரிக்கட்டினாள், வெயிலையும் அத்தைகளையும் யார் சரிக்கட்டுவது? ஒரு மாதம் இருபத்தேழில் மடிந்து மடிந்து ஓடிய டயர். பன்னிரண்டரை ஆனது. ஒன்று ஆனது. வந்த வண்டிகளுக்கெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் காற்றுப் பிடித்தாள். ‘ஏம்மா, ஒடம்புக்கு முடியலயா?’ என்று கேட்டார் வழக்கமாக வரும் ஒரு வேன்காரர்.

ஒன்றேமுக்காலுக்குப் போன் அடித்தது.

“அக்கா, நான் சுபா. வீட்டுக்கு வந்துட்டோம்.”

“மாதாவே! ஏன் தாயி இம்புட்டு நேரம்?”

“அப்பா ஓட்டுனது அப்பிடிக்கா. ஹைவேல எம்பது போவம்னு அம்மா சொன்னுச்சு. எம்பதுன்னா எட்டாம்ல? மாட்டேன்னுட்டாரு. நாப்பத்தஞ்சுக்கு மேல முள்ளு ஏறவே இல்ல. லாரிக்காரன்லாம் எங்களப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போறான்.”

“டயரத் தொட்டுப் பாத்தீங்களா?”

“பாத்தேன்க்கா. வெதுவெதுன்னுதான் இருக்கு. லைட்டும் எரியல.”

பாக்கியம் போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். அவள் பதினோரு வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் ஒருவரும் குறைக்காத வேகத்தைச் சனீஸ்வரன் ஒரே நாளில் குறைத்துவிட்டார். தூக்குச்சட்டியைத் திறந்தாள். தொட்டியின் விளிம்பில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து அவளையே பார்த்தது. சனீஸ்வரனுடைய வாகனம், ஒரு வாய் எடுத்து வைத்தால்தான் என்ன என்று கைகூட நீண்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் சொல்ல வேண்டிய பட்டியல் ஏற்கெனவே சுக்கிரன், சந்திரன் என்று நீளமாக இருந்ததால், எதற்கு வம்பு என்று முழுவதையும் அவளே சாப்பிட்டாள்.