ஆமென்னும் ஒரு கையெழுத்துதான்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் லேபிள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் முடிந்து வரும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, துணியில் சுற்றி, கொதி ஆவியில் கிருமி நீக்கித் திருப்பி அனுப்பும் அறையில் பதினாறு வருஷமாக வேலை. ஒவ்வொரு பொட்டலத்திலும் லேபிள் ஒட்டி, கட்டினவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்க்காமல் அவள் கையெழுத்துப் போட மாட்டாள். பெரிய டாக்டரே வாசலில் வந்து குதித்தாலும் "ரெண்டு நிமிஷம் சார்" என்பாள். ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்வாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒருநாள் அவசரத்தில் பார்க்காமல் போட்டிருக்கிறாள். பொட்டலத்தில் ஓர் இடுக்கி குறைந்தது. நோயாளியை மேஜையில் படுக்க வைத்துவிட்டு எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தலைமை நர்ஸ் கேட்டது அவள் காதை விட்டுப் போகவே இல்லை.

"பாக்காததுக்கு எதுக்கும்மா கையெழுத்து?"

இந்தக் கேள்வியை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து ஜெபத்துக்குள் நுழைத்துவிட்டாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அவளுக்குக் காலை டியூட்டி. அந்த வாரங்களில் பிள்ளைகள் இரண்டு பேரையும் அவள் புருஷன்தான் கோயிலுக்குக் கூட்டிப் போவான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், அதிர்ந்து பேசாதவன். ஆமென் சொல்லும்போது மட்டும் சபையிலேயே அவன் குரல்தான் உரக்கக் கேட்கும். "அம்மாவே கோயிலுக்கு வராட்டி பிள்ளைங்களுக்கு விசுவாசம் எப்படி வரும்?" என்று சபையில் பலருக்குக் கவலை. கவலைப்படுவதற்கு என்ன, உட்கார்ந்த இடத்திலேயே படலாம்.

விசுவாசம் தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்குச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. காய் நறுக்கின பலகையை ஒதுக்கி வைத்துவிட்டு உட்காருவார்கள். வேதத்தில் ஒரு சின்னப் பகுதி, ஆளுக்கு ஒரு கேள்வி, அப்புறம் முறை வைத்து ஜெபம். முதல் நாளே அவள் சட்டம் போட்டுவிட்டாள்.

"ஆமென்னா 'அப்படியே ஆகட்டும்'னு அர்த்தம். அடுத்தவங்க சொன்னதுக்குக் கீழ நீங்க போடற கையெழுத்து அது. ஒத்துக்கலன்னா போடாதீங்க. ஏன் போடலன்னு மட்டும் சொல்லிடணும்."

சட்டம் முதலில் அவள் மேலேயே பாய்ந்தது. சூப்பர்வைசரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த ஒருநாள், "ஆண்டவரே, அந்த மனுஷனுக்கு நீரே புத்தி சொல்லும், இன்னைக்கு அவர் என்ன பண்ணாருன்னா..." என்று ஆரம்பித்து விலாவாரியாகச் சொல்லி முடித்தாள். ஏழு வயதுச் சின்னவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"என்னடி?"

"இது ஜெபம் இல்லம்மா. போட்டுக் குடுக்கறது."

புருஷன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்ச் சிரித்தான். அவளுக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் மறுபடி ஆரம்பித்து, சூப்பர்வைசரின் முழங்கால் வலிக்காக ஜெபித்தாள். மனசிலிருந்து வரவில்லை. அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் பாதியில் நிறுத்தினாள்.

பெரியவளுக்குப் பதின்மூன்று முடிந்த வருஷம் திடப்படுத்தல் வந்தது. பிள்ளைகள் சபைக்கு முன்னால் நின்று, இது என் விசுவாசம் என்று தங்கள் வாயால் சொல்லி, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதை நடத்திவைக்கப் பேராயர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். லேபிள் அக்கா வெள்ளைத் துணி எடுத்து அவளே கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். கீழ் மடிப்பு மட்டும் பாக்கி. தன் பிள்ளை அங்கே நிற்பதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை. வேலை இடத்தில் மூன்று மாதம் முன்னாடியே அந்த ஞாயிற்றுக்கு லீவு சொல்லி வைத்திருந்தாள்.

கடைசி வகுப்பு முடிந்து வந்த பெரியவள் கையில் ஒரு கடிதம் இருந்தது. 'தங்கள் மகள் ஜெபத்தை அவமதித்தாள். வகுப்பின் முன் மன்னிப்புக் கேட்டு ஆமென் சொன்னால் ஒழிய, பெயர் பட்டியலில் இருக்காது.' கீழே ஞாயிறு வகுப்பு டீச்சரின் கையெழுத்து. இருபது வருஷமாக ஒரு வாரம்கூடத் தவறாமல் பாடம் எடுக்கிற டீச்சர்.

"என்ன நடந்தது?"

"டீச்சர் ஜெபம் பண்ணாங்க. எங்கள குடிகாரங்க வீட்டுல பொறக்க வைக்காம நல்ல குடும்பத்துல பொறக்க வெச்சதுக்கு நன்றின்னு சொன்னாங்க. என் பக்கத்துல குட்டப்பின்னல் உக்காந்திருந்தாம்மா."

குட்டைப்பின்னல் பெரியவளின் சிநேகிதி. அவள் அப்பா குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடப்பது ஊருக்கே தெரியும்.

"எல்லாரும் ஆமென் சொன்னாங்க. நான் சொல்லல. டீச்சர் மறுபடி சொல்லச் சொன்னாங்க. எதுக்குச் சொல்லலன்னு காரணம் சொன்னேன்." பெரியவள் குரல் உடைந்தது. "குட்டப்பின்னலும் ஆமென் சொன்னாம்மா. குனிஞ்சுக்கிட்டே சொன்னா."

புருஷன் கடிதத்தை இரண்டு தரம் படித்தான்.

"ஒரு வார்த்தைதானே. சொல்லிட்டு வந்துடட்டுமே. ரெண்டு வருஷம் போயிடும்."

"ஒரு வார்த்தைதான். பொய் வார்த்தை. விசுவாசத்த வாயத் தொறந்து சொல்லப்போற பிள்ள, அதுக்கு முந்தி ஒரு பொய்யச் சொல்லிட்டுப் போகணுமா?"

அவன் கடிதத்தை மடித்து மேஜை மேல் வைத்தான். அவளுக்கும் உள்ளுக்குள் பயம்தான். நாம் சொல்லிக் கொடுத்தது பிள்ளையின் தலையில் விடிந்துவிட்டதே என்று அன்றைக்கு முழுக்க அரித்துக்கொண்டே இருந்தது. பயம் இருந்தால் என்ன? தப்பு தப்புதான்.

போதகர் எல்லாரையும் பேச வரச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு நேராகக் கோயிலுக்குப் போனாள். பின்பக்கத்து அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், அடுக்கி வைத்த பாட்டுப் புத்தகங்கள், கடகடவென்று சுற்றும் ஃபேன். போதகரும் டீச்சரும் ஒரு பக்கம், பெரியவளும் அப்பாவும் எதிர்ப்பக்கம். பட்டியல் மேஜை மேல் இருந்தது.

"வீட்டுல சொல்லிக் குடுக்கறது இதானா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஆமா டீச்சர். இதேதான்."

போதகர் நல்ல மனுஷர், சண்டை என்றால் மட்டும் ஆகாது. "முதல்ல ஜெபிப்போம்" என்று கண்ணை மூடினார். "ஆண்டவரே, அறியாத வயசுல இந்தப் பிள்ளை காட்டின பிடிவாதத்தையும், அதுக்கு இடம் குடுத்த பெத்தவங்களையும் மன்னித்து, தாழ்மையைத் தாரும்."

டீச்சர் ஆமென் என்றார். அப்புறம் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. பெரியவள் சொல்ல மாட்டாள் என்று தெரியும். தானும் சொல்லப்போவதில்லை. ஆனால் புருஷன்? லேபிள் அக்கா ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"மன்னிச்சிடுங்க ஐயா," என்றான். "என் பொண்ணு என்ன தப்பு பண்ணான்னு எனக்கு இன்னும் புரியல. புரியாம எப்படிச் சொல்றது?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளுக்கு அவன் மேல் இவ்வளவு ஆசை வந்ததில்லை.

டீச்சர் பேனாவை எடுத்துப் பட்டியலில் பெரியவளின் பெயர் மேல் ஒரு கோடு போட்டார். காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டார்.

"அடிங்க டீச்சர்," என்றாள் லேபிள் அக்கா. "ரெண்டு வருஷம் கழிச்சு வருவா. அப்பவும் இதே வாயோடதான் வருவா."

போதகர் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு பெரியவளைப் பார்த்தார். "நீ எந்த ஜெபத்துக்கு ஆமென் சொல்லுவே? நீயே பண்ணு, கேப்போம்."

பெரியவள் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடினாள்.

"இயேசப்பா, யாரு வீட்டுல பொறக்கணும்னு நாங்க யாரும் கேட்டுப் பொறக்கல. குட்டப்பின்னலோட அப்பா குடிய விடணும். விடலன்னாலும் அவ தல குனியக் கூடாது. டீச்சர் எங்களுக்கு நெறைய சொல்லிக் குடுத்திருக்காங்க, அதுக்கு நன்றி. ஆனா அவங்க குட்டப்பின்னல்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அது கஷ்டம்தான். நீங்க கூட இருங்க."

ஜெபத்தை அவள் முடிக்கவில்லை. வீட்டில் செய்வது போல நிறுத்திவிட்டு மற்றவர்களுக்காகக் காத்திருந்தாள்.

"ஆமென்," என்றார் போதகர், மெதுவாக. புருஷன் போட்ட ஆமெனில் ஜன்னல் அதிர்ந்தது. லேபிள் அக்கா ஒவ்வொரு வரியையும் மனசுக்குள் சரிபார்த்துவிட்டுத்தான் சொன்னாள். போதகர் பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, டீச்சர் அடித்த பெயரைக் கடைசியில் தன் கையாலேயே மறுபடி எழுதினார்.

டீச்சர் மட்டும் ஆமென் சொல்லவில்லை. கிளம்பலாம் என்று புருஷன் எழுந்தான். அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவசரமே இல்ல டீச்சர்," என்றாள். "யோசிச்சு, ஒத்துக்கிட்டா மட்டும் சொல்லுங்க. நாங்க உக்காந்திருக்கோம்."