இரண்டு காபியும் ஒரு அடினோசினும்

நெஞ்சுக்குள் யாரோ தையல் மிஷின் ஓட்டுவதுபோல் இருந்ததால், மனைவியுடன் பட்டாபிராமிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய் ஆவடியில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் படுத்தேன். நாடித்துடிப்பு நூற்று எண்பத்தாறு. வேலையில் இருந்தவரை தர ஆய்வுப் பிரிவில் பிறர் வேலையில் குறை கண்டே சம்பளம் வாங்கியவன் நான். ஆறு மாதமாக இந்தப் படபடப்பு வந்து போவதால் நெட்டில் எல்லாம் படித்துவைத்திருந்தேன். படுத்ததும் டாக்டருக்கு வழி சொன்னேன்.

"மூச்சடக்கி முக்கச் சொல்வீங்க. ஆட்டோலயே முக்கிட்டேன், நிக்கல. அடுத்தது அடினோசின்தானே?"

என் மகளைவிடச் சின்னவரான டாக்டர், "ஊசியாவது நாங்க போடலாமா சார்?" என்றார்.

இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் போகும் வழியில் ஒரு லெவல் கிராசிங் உண்டு. என்னுடைய மின்சாரம் அங்கே வட்டமடித்துக்கொண்டிருந்தது. அடினோசின் சில விநாடிகள் கேட்டைப் போடும். வட்டம் அறுந்து, இதயம் தன் ஒழுங்குக்குத் திரும்பும். ரத்தத்தில் பத்து விநாடிகூடத் தாங்காத மருந்து என்பதால் சடாரென்று ஏற்றி, பின்னாலேயே உப்புநீரைத் தள்ள வேண்டும்.

"காபி, டீ எதனா குடிச்சீங்களா நைனா?" என்றார் நர்ஸ்.

"ஆறு மாசமா ஊட்ல காபியே கெடையாது. கஞ்சிதான்," என்றாள் மனைவி பெருமையாக. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஊசி ஏறியது. நெஞ்சு ஒரு கணம் இறுகியது. திரையில் அதே நூற்று எண்பத்தாறு.

"டோஸைக் கூட்டி இன்னொரு தடவை போடுறேன். அதுக்கும் மசியலன்னா ஷாக்தான்," என்றார் டாக்டர். மனைவி என் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்தாள். ஷாக் பெட்டியைக் கட்டிலருகே உருட்டி வந்தார்கள்.

"காபி குடிச்சேன்," என்றேன்.

"எப்போ?"

"காலைல, வாக்கிங் போனப்ப. ஸ்டேஷன் வாசல்ல. ரெண்டு."

"ஸ்ட்ராங்கா?" இதைக் கேட்டது டாக்டர் இல்லை, மனைவி. விரலை விட்டுவிட்டாள்.

அடினோசின் உட்கார வேண்டிய சீட்டில் காபி முன்னாடியே துண்டு போட்டு உட்கார்ந்திருக்கும். அதனால்தான் முதல் ஊசி நின்றுகொண்டே பயணம் செய்து இறங்கிப் போயிருக்க வேண்டும். இது எனக்கும் தெரியும். நர்ஸ் கேட்டபோதும் தெரியும்.

இரண்டாவது ஊசி முதலாவதைப்போல் இரு மடங்கு. "சாகப்போற மாதிரி இருக்கும் சார், பயப்படாதீங்க," என்றார் டாக்டர். இருந்தது. திரையில் கோடு நீளமாகப் படுத்தது. மனைவி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் செய்யாத காரியம். பிறகு ஒரு துடிப்பு, இன்னொன்று. எண்பத்து நான்கில் வந்து நின்றது.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நர்ஸிடம் திரும்பினாள்.

"ஏம்மா, அந்த ஊசி இன்னொண்ணு இருக்கா?"

"எதுக்கும்மா? அதான் சரியாயிட்ச்சே."

"சரியானது தெரியுது. இன்னொரு வாட்டி நிறுத்திட்டு, வேற எங்கெங்க குடிச்சாருன்னு கேக்கணும்."